கண்ணாடிக்காரர் துடைத்த ஜன்னல்

அத்தியாயம் 14

மாமனாரிடம் மருமகள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மாதிரிப் படங்கள் எடுக்க ஒரு மாடல் பெண் வருகிறாள், ஹால் ஜன்னலோரம் உட்கார வைத்து எடுக்கப் போகிறேன், மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று சொன்னாள். எல்லாம் உண்மை. வருகிறவள் யார் என்பதை மட்டும் மென்று விழுங்கிவிட்டாள்.

அவளை எப்படியாவது மாமனார் கண்ணில் காட்டிவிடுவது என்று சென்ற வாரம் மருமகள் எடுத்த முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்களுக்காக இரண்டு வரி. அப்பா பேசி முடித்த சம்பந்தத்தை உதறிவிட்டு, 'கட்டினால் அந்த மாடல் பெண்ணைத்தான் கட்டுவேன்' என்று இந்த வீட்டுச் சின்னவன் போன வருடம் வீட்டைவிட்டுப் போனான். அவன் வேண்டாமென்றது யாரோ ஒருத்தியை அல்ல. அப்பாவோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய கூட்டாளியின் மகளை. கூட்டாளி அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கடையும் கைமாறிப் போனது.

"அவளை நான் பார்க்கவும் மாட்டேன். அவ பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கவும் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். கடை போன பிறகும் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுகிறது. சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர். அதுதான் தொல்லையே.

அந்தக் கண்ணாடிக்காரர் இந்த உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஒரே ஒரு ஆளை. அது அவர் பெற்ற பிள்ளைகள் இல்லை, பெரியவனின் மனைவி. மாமியார் போன பிறகு மாத்திரையிலிருந்து வங்கி வேலை வரை எதுவானாலும், "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். சமையலறையில் நின்றிருந்த மருமகளுக்கு அந்த வாக்கியம்தான் காலையிலிருந்து காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. இன்று அவள் பணயம் வைத்திருப்பது அதைத்தான்.

திட்டம் எளிமையானது. மாமா வழக்கம்போலத் தன் நாற்காலியில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். பெண் வருவாள், நாலு வார்த்தை பேசுவாள், சேர்ந்து டீ குடிப்பாள். இன்னார் என்று தெரிவதற்கு முன்னால் அவளை ஒரு மனுஷியாக அவர் பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். சின்னவன் தெருமுனை டீக்கடையில் காத்திருப்பான். பெரியவனோ, "எனக்கு எதுவும் தெரியாது, நீ எதுவும் சொல்லாதே" என்று காலையிலேயே ஆபீசுக்கு நழுவிவிட்டான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் வீரம் அவ்வளவுதான்.

டீயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாமா ஸ்டூல்மேல் நின்றிருந்தார். கையில் நனைந்த பேப்பர், கீழே ஒரு வாளி சோப்புத் தண்ணீர். ஜன்னல் கண்ணாடி பளபளவென்று, அப்படி ஒன்று இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு மாதமாக அந்த ஜன்னலைத் துடைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவளே அவள்தான். காலை வெயில் நேராக அடிக்கிற ஜன்னல் அது. கண்ணாடியில் படிந்த தூசுதான் அந்த வெயிலை வடிகட்டி, மெத்தென்று அறை முழுக்கப் பரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபிளாஷ் இல்லை, பெரிய பெரிய விளக்குகள் இல்லை. அவள் எடுக்கிற முகங்கள் அழகாக இருக்கின்றன என்று வருகிறவர்கள் சொன்னால், அதில் பாதிப் பெருமை அந்தத் தூசுக்குச் சேர வேண்டும்.

"என்ன மாமா இது?" என்றாள்.

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி அசடு வழிந்தார். "நாலு மாசமா அந்த ஜன்னல் என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருந்துச்சும்மா. வெளி ஆள் வர்ற நேரம். கண்ணாடிக் கடை வச்சிருந்தவன் வீட்டு ஜன்னலா இதுன்னு அந்தப் பொண்ணு நினைக்காதா?"

வாழ்நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்த கை. அது சும்மா இருக்கும் என்று நினைத்தது தன் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்காகத் துடைத்தாரோ அவள் யாரென்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் கூடவே தோன்றியது. திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. அதற்குள் வாசல் மணி அடித்தது.

வந்தவள் உயரமாக, ஒடிசலாக இருந்தாள். வெளிர்நீலச் சட்டை, அள்ளி முடிந்த கூந்தல், தோளில் துணிப்பை. வணக்கம் சொல்லும்போது குரல் லேசாக நடுங்கியது. மாமா பதில் வணக்கம் சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவரைப் பொறுத்தவரை இது மருமகளின் வேலை நேரம், தான் குறுக்கே நிற்கக் கூடாது. நாற்காலி, பேப்பர், நாலு வார்த்தை எல்லாம் அங்கேயே கவிழ்ந்தது.

சரி, வேலையையாவது பார்ப்போம் என்று மருமகள் கேமராவை எடுத்தாள். பெண்ணை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து இரண்டு படம் எடுத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கின் நிழல் மேலுதட்டில் விழுந்து மீசை வைத்துவிட்டிருந்தது. பாதி முகம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, மீதி முகம் இருட்டுக்குள் கிடந்தது. பெண் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

அலமாரியிலிருந்து வெள்ளைப் போர்வையை எடுத்து வந்து ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப்புகளால் மாட்டினாள். வெயில் அடங்கியது. ஆனால் வெளிச்சமும் பாதியாகக் குறைந்தது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, வெளிச்சத்தை முகத்தின் இருட்டுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது அவள் வழக்கம். மற்ற நாட்களில் அட்டையை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தாலே போதும். இன்றைக்கு இருக்கிற வெளிச்சத்துக்கு அட்டை கன்னத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும், முகம் திரும்பும்போது கூடவே திரும்ப வேண்டும். அதற்கு நாற்காலி போதாது, ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் உள்ளிருந்து வந்து நின்றார். போர்வை தொங்குவதைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"கெடுத்தவன் நான். அட்டையை நானே பிடிக்கிறேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல மருமகள் வாயைத் திறந்தாள். சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார் என்று கணக்குப் போட்ட மனிதர், இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில் அட்டையும் கையுமாக நின்றார்.

எப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னாள். இன்னும் கொஞ்சம் மேலே, லேசாக உள்பக்கம் சாய்த்து, நான் சொல்கிறவரைக்கும் அசையக் கூடாது. அவர் மூச்சைக்கூட அளந்து விட்டார். பெண்ணின் கன்னத்தில் இருட்டு கரைந்து, வெளிச்சம் பால்போலப் படர்ந்தது. அது தன் கையால் நடக்கிறது என்று கண்டதும் கண்ணாடிக்காரரின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கடை போன நாளிலிருந்து அந்த முகத்தில் இதை மருமகள் பார்த்ததில்லை.

படங்கள் பரவாயில்லை. ஆனால் பரவாயில்லைதான். பெண் தொழில் தெரிந்தவள், தோளை எங்கே வைப்பது, தாடையை எவ்வளவு இறக்குவது என்றெல்லாம் சொல்லாமலே செய்தாள். கண்தான் சரியில்லை. எதையோ தேடுகிற மாதிரியும், தேடியது கிடைக்காத மாதிரியும் இருந்தது. பயம்தான் காரணம் என்று மருமகள் நினைத்தாள். தானும் பயந்துகொண்டிருந்ததால் அப்படித் தோன்றியிருக்கும்.

மாமாதான் கேட்டார். "ஏம்மா, நீ கண்ணாடி போடுவே இல்ல?"

பெண் திடுக்கிட்டு மூக்கின் இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். கண்ணாடி உட்கார்ந்து பழகிய தழும்பு அங்கே மங்கலாக இருந்தது. படம் எடுக்கும்போது போடுவதில்லை என்றாள்.

"சரி. இங்க நிக்கிற நான் உனக்குத் தெரியறேனா?"

"யாரோ நிக்கிறீங்கன்னு தெரியுது" என்றாள் அவள், குற்றம் செய்தவள்போல.

மருமகளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பாடுபட்டு இவளை அவர் கண்ணில் காட்டக் கூட்டி வந்தால், இவளுக்கு அவர் முகமே தெரியவில்லை. வந்த நேரத்திலிருந்து ஒரு மங்கலான உருவத்துக்கு முன்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எடுத்துப் போட்டுக்கம்மா. பார்வை தடவிக்கிட்டே இருந்தா முகம் எப்படி நல்லா வரும்?" என்றார் மாமா.

பெண் தயங்கினாள். கண்ணாடியில் ஜன்னல் பிரதிபலிக்குமே என்று யோசிக்கிறாள்போல என்று மருமகள் நினைத்து, அதை நான் பார்த்துக்கொள்கிறேன், போடு என்று தைரியம் சொன்னாள். பெண் பைக்குள் கையை விட்டு, தயங்கித் தயங்கிக் கண்ணாடியை எடுத்தாள். மாமா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். துடைக்கத்தான்.

அப்போதுதான் மருமகளுக்கு உறைத்தது.

எவ்வளவு யோசித்துச் செய்திருந்தாள். சின்னவன் போட்டுவிட்ட மோதிரத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். ஃபோனில் பெயரை மாற்றி வைத்தாள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டால் என்ன சொல்வது என்பதுவரை பேசி வைத்திருந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் பிள்ளை தன் காதலிக்கு எந்தக் கடையில் கண்ணாடி செய்து கொடுத்திருப்பான் என்பதை மட்டும் மூன்று பேரில் ஒருவரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

மாமா கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஜன்னல் பக்கம் காட்டி, இடமும் வலமும் மெதுவாக அசைத்துப் பார்த்தார். பவரைக் கண்டுபிடிக்க அவர் அப்படித்தான் செய்வார். வலது கண், பிறகு இடது கண். மறுபடி வலது கண். சட்டை நுனியால் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு குனிந்து, அவரே அதைப் பெண்ணின் முகத்தில் மாட்டினார். காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, கழற்றி, காம்பை லேசாக வளைத்து, மறுபடி மாட்டினார்.

"இப்ப அழுத்தலையே?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஜன்னல் தெரியுதாம்மா கண்ணாடியில?" என்று மருமகளைக் கேட்டார். தெரிகிறது என்றாள். அவர் காம்பை ஒரு நூலளவு தூக்கிவிட்டார். கண்ணாடி முன்பக்கம் சாய்ந்தது, பிரதிபலிப்பு விலகியது, அதன் பின்னாலிருந்து இரண்டு கண்கள் தெளிவாக வெளியே வந்தன. அவர் அட்டையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றார்.

பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்த ஏறிய நெற்றி, ஒரு புருவம் மட்டும் சற்றே தூக்கி நிற்கும் விதம், கேள்வி கேட்கும் முன்பே பதிலுக்காகக் காத்திருப்பது போன்ற வாய். சின்னவனை அப்படியே வயதாக்கி நிறுத்தினதுபோல இருந்தார். அவள் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அவள் மறைக்கவில்லை.

மருமகள் ஒரே ஒரு படம் எடுத்தாள். கேமராவின் சின்னத் திரையில் அதைப் பார்த்ததுமே, இத்தனை வருடத்தில் தான் எடுத்த முகங்களிலேயே இதுதான் நல்ல முகம் என்று தெரிந்துவிட்டது. அதனால் சந்தோஷப்பட முடியவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா? தெரியவில்லை என்றால் சாயங்காலம்வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எத்தனையோ ஆயிரம் கண்ணாடி பார்த்த மனிதர், ஒன்றையா ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்? இப்படி மனம் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்தாள். மாமா இன்னும் அட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

"ஏன் மாமா இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?"

"நீ இறக்கச் சொல்லலையேம்மா."

அவ்வளவுதான். கேமராவை மேஜைமேல் வைத்தாள்.

"இறக்குங்க மாமா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்தப் பொண்ணு வெறும் மாடலா மட்டும் இங்க வரலை. நம்ம தம்பி யாருக்காக வீட்டைவிட்டுப் போனானோ, அவ இவதான். நான்தான் வரவழைச்சேன். உங்ககிட்ட மறைச்சேன்."

பெண் எழுந்து நின்றுவிட்டாள். மாமா அட்டையைச் சுவரில் சாய்த்து, சரியாக நிற்கிறதா என்று பார்த்து, பிறகு தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"வலது கண்ணுக்கு இடதைவிட ரெண்டு மடங்கு பவர். கண்ணாடி ஒரு பக்கம் தடிச்சுப் போகாம ஓரம் தேய்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சிநேகிதன் தங்கச்சிக்குன்னு சொல்லி வாங்கிட்டுப் போனான் அந்தப் பய."

"அப்ப உங்களுக்கு..."

"கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு."

"ஏன் மாமா ஒண்ணும் சொல்லலை?"

"நீ சொல்றியான்னு பார்த்தேன்."

"சொல்லாமயே விட்டிருந்தா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "என்ன பண்ணியிருப்பேன்னு தெரியலைம்மா. அட்டையைப் பிடிச்சுக்கிட்டே நின்னிருப்பேன்" என்றார்.

பெண்தான் அடுத்துப் பேசினாள். மறைத்து வர வேண்டாம் என்று மருமகளிடம் முதலில் சொன்னதாகவும், பிறகு அவரைப் பார்க்க வேண்டுமென்ற ஆசையில் தானே ஒப்புக்கொண்டதாகவும், அதனால் தப்பில் பாதி தன்னுடையது என்றும் சொன்னாள். "அவ்வளவு ஆசைப்பட்டு வந்தேன். வந்தும் உங்களைப் பார்க்க முடியலை, கண்ணாடி இல்லாம" என்று முடித்தாள். மாமா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பை அடக்க அவர் பட்ட சிரமம் மருமகளுக்குத் தெரிந்தது.

அவர் உள்ளே போனார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. ஹாலில் இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார்கள். மேஜைமேல் மருமகளின் ஃபோன் அதிர்ந்தது. டீக்கடையிலிருந்து சின்னவன். அவள் எடுக்கவில்லை.

திரும்பி வந்தவர், "அவனா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள். எங்கே இருக்கிறான் என்றார். சொன்னாள்.

"அங்கேயே இருக்கட்டும். டீக்கடைக்காரருக்கு வியாபாரம் ஆகட்டும்." நாற்காலியில் உட்கார்ந்தார். "கோபம் இருக்கும்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாயங்காலம்வரைக்கும் இருக்கும், பொறுத்துக்கோ. ஆனா இவ பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தானே. வாயை நானே கட்டிப் போட்டுட்டு, ஏன் சொல்லலைன்னு உன்னை நான் எப்படிக் கேட்கறது?"

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பெண் கொஞ்சம் தள்ளி நின்று தயங்கினாள். "உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?"

அவர் மருமகள் பக்கம் கையைக் காட்டினார். "இவ என்ன கூப்பிடறாளோ, அதையே நீயும் கூப்பிடு. இதைக் கல்யாணப் பேச்சுன்னு எடுத்துக்காதே. அதுக்கு முன்னாடி இன்னொரு வீடு இருக்கு."

அது எந்த வீடு என்று இருவருக்கும் தெரியும். பேசும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. என் பிள்ளை என்னை அவமானப்படுத்தினான் என்று ஒரு வருடமாகக் கோபத்திலேயே உட்கார்ந்துவிட்டேன், உண்மையில் அடிபட்டது என் கூட்டாளியின் பெண், அவளிடம் இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை என்றார். அவள் எப்படி இருக்கிறாள் என்றுகூட விசாரிக்கவில்லையே என்றார். மாடல் பெண் தலை குனிந்து நின்றாள். அந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பது அவளையும் இத்தனை நாள் தூங்கவிடாத விஷயம்தான்.

"நாளைக்குக் காலையில போறேன். நீயும் கூட வரணும்" என்றார் மருமகளிடம்.

"நான் எதுக்கு மாமா?"

"நான் போய் நின்னா கதவைச் சாத்திடுவான். நீ பேசினா கேட்பான். அங்க என்ன சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. நீ பார்த்துச் சொல்லு, அதைச் சொல்லலாம்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை. "இன்னிக்கு நான் பண்ணின காரியத்துக்கு அப்புறமும் என் பேச்சை நம்பறீங்களா?"

கண்ணாடிக்காரர் அவளை நேராகப் பார்த்தார்.

"யாரும் கேட்காமயே, நீயாத்தானேம்மா சொன்னே."